நாற்றும் கதிரும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. கிடைக்கப் போகும் பலாக்காயைவிடக் கிடைத்த களாக்காய் மேல் என்று இன்னொன்றும் உண்டு. இரண்டும் ஒரே வீட்டுத் திண்ணையில், சில சமயம் ஒரே பாட்டியின் வாயிலிருந்தே வருகின்றன. எது உண்மை என்று கேட்டால் பாட்டி சிரித்துக்கொண்டு வெற்றிலையை மடிப்பாள். ஆனால் அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு ஆண்டுதோறும் பனிக்காலத்தில் விடை தேடுகிறார்கள். அதற்காக அவர்கள் பணயம் வைப்பது மனிதர்களை.

பேஸ்பால் என்பது அந்த நாட்டின் பந்தாட்டம். அதன் கடைசிப் பந்தயம் அக்டோபரில், சில ஆண்டுகளில் நவம்பர் முதல் நாட்களில் முடியும். மறுபடி ஆட்டம் தொடங்க மார்ச் கடைசியோ ஏப்ரலோ ஆகும். இடைப்பட்ட மாதங்களில் மைதானங்கள் பனியில் கிடக்கும். ரசிகர்கள் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். இந்தப் பேச்சுக்கே 'ஹாட் ஸ்டவ் லீக்' என்று பெயர். பேச்சில் முக்கால்வாசி, யாரைக் கொடுத்து யாரை வாங்கலாம் என்பதுதான்.

கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் ஓடிவந்து, கையை மடக்காமல் வீசுவார். பந்து பெரும்பாலும் தரையில் பட்டு எழும்பும். பேஸ்பாலில் வீசுபவர் நின்ற இடத்திலிருந்து முழங்கையை மடக்கி எறிகிறார். பந்து தரையைத் தொடாமல், அரை விநாடிக்குள் மட்டையாளரிடம் போய்ச் சேர்கிறது. தோளையும் முழங்கையையும் இப்படி நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் முறுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல வீச்சாளரின் கை தங்கம். ஆனால் எந்த நாள் பித்தளையாகும் என்று யாருக்கும் தெரியாத தங்கம். அதனால்தான் பேரம் பிறக்கிறது. ஒரு குழு தன் சிறிய லீக்குகளில், அதாவது தன் நாற்றங்காலில், வளரும் பிள்ளைகளைக் கொடுத்துப் பெயர் பெற்ற வீச்சாளரை வாங்கும். இன்னொரு குழு கதிரைக் கொடுத்து நாற்றை வாங்கும்.

நான் கதை எழுதிப் பிழைப்பவன்; ஓட்டக் கணக்கில் எனக்கு அக்கறை குறைவு. ஆனால் 1900-ம் ஆண்டு டிசம்பர் 15-ம் தேதி நடந்த ஒரு பேரத்தை நான் என் கதையில் எழுதியிருந்தால், "இவ்வளவு பொருத்தம் உலகத்தில் ஏது?" என்று வாசகர்கள் என்னைக் கடிந்துகொண்டிருப்பார்கள்.

இந்தப் பேரத்தில் கதிராக இருந்தவர் ஏமஸ் ரூஸி. இந்தியானா மாநிலத்தில் 1871-ல் பிறந்தவர். அவருடைய வேகத்தைக் கண்டு ஜனங்கள் அவருக்கு 'இந்தியானாவின் இடி' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் 50 அடி தூரத்தில் வரைந்த கட்டத்துக்குள் நின்று பந்து வீசுவார்கள். 1893-ல் அந்தத் தூரம் 60 அடி 6 அங்குலமாக மாற்றப்பட்டது. ரூஸியின் வேகம் மட்டையாளர்களுக்கு ஊட்டிய அச்சமும் அதற்கு ஒரு காரணம் என்று சொல்வதுண்டு. தூரத்தைக் கூட்டியும் அவர் அடங்கவில்லை. 1894-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ் குழுவுக்காக 36 ஆட்டங்களை வென்றார்.

அந்தக் குழுவின் முதலாளி ஆண்ட்ரூ ஃப்ரீட்மன். 1895-ல் அவர் ரூஸிக்கு 200 டாலர் அபராதம் போட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். ரூஸி மறுத்தார். 1896 முழுவதும் ஒரு பந்துகூட வீசாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டார், வழக்கும் தொடுத்தார். ஆட்டக்காரரை அவருடைய குழு வேண்டுமட்டும் கட்டிவைத்துக்கொள்ளலாம், மற்றக் குழுக்கள் அவரைத் தொடக்கூடாது என்று 1879 முதலே முதலாளிகளுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. நீதிமன்றம் அந்த ஏற்பாட்டின் மீது கைவைத்துவிடுமோ என்று மற்ற முதலாளிகளுக்குக் கவலை வந்தது. அவர்களே பணம் திரட்டி ரூஸிக்குக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். அவர் திரும்பி வந்து 1897-ல் 28 ஆட்டங்களும், 1898-ல் 20 ஆட்டங்களும் வென்றார். அந்த 1898-ல்தான் கையில் அடிபட்டது. 1899-லும் 1900-லும் அவர் வீசவே இல்லை. வயது 29, பெயர் மட்டும் இமயமலையாக நின்றது.

நாற்று, கிறிஸ்டி மாத்யூஸன். கல்லூரியில் படித்த பிள்ளை, வயது 20. 1900-ம் ஆண்டுக் கோடையில் நார்ஃபோக் என்ற சிறிய லீக் குழுவில் எதிரிகளைத் திணற அடித்துக்கொண்டிருந்தார். ஜயண்ட்ஸ் அவரை ஆயிரம் டாலருக்கு மேல் பேசி அழைத்துவந்தது. அவர் பெரிய லீக்கில் மூன்று ஆட்டங்கள் தோற்றார், ஒன்றுகூட வெல்லவில்லை. உடனே அவரைத் திருப்பியனுப்பிவிட்டார்கள். சின்சினாட்டி ரெட்ஸ் குழு, சிறிய லீக்குகளிலிருந்து ஆட்களைப் பொறுக்கும் விதியின்படி, நூறு டாலருக்கு அவரை எடுத்துக்கொண்டது. எடுத்த சூட்டோடு அவரை நியூயார்க்குக்கே கொடுத்து, பதிலுக்கு ரூஸியை வாங்கிக்கொண்டது.

கணக்கு என்னவாயிற்று? ரூஸி 1901-ல் சின்சினாட்டிக்காக மூன்றே ஆட்டங்களில் வீசினார். வெற்றி ஒன்றுமில்லை, தோல்வி ஒன்று. அத்துடன் அவருடைய ஆட்டம் முடிந்தது. மாத்யூஸன் அதே 1901-ல் 20 ஆட்டங்கள் வென்றார். 1905-ம் ஆண்டு உலகத் தொடரில் ஆறு நாட்களுக்குள் மூன்று முழு ஆட்டங்கள் வீசி, எதிரிக்கு ஓர் ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. ஜயண்ட்ஸுக்காக அவர் வென்ற ஆட்டங்கள் மொத்தம் 372. பிறகு 1916-ல், கை ஓய்ந்த காலத்தில், நிர்வாகியாக சின்சினாட்டிக்கே போனார். அங்கே ஒரே ஓர் ஆட்டத்தில் பந்து வீசி, அதையும் வென்றார். ஆகவே 373 வெற்றிகளில் சின்சினாட்டிக்கு வந்தது ஒன்று!

சின்சினாட்டிக்காரர்கள் முட்டாள்களா? அப்படிச் சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குழுவின் முதலாளி ஜான் ப்ரஷ் மிகவும் கெட்டிக்காரர். அவருக்கு ஜயண்ட்ஸ் குழுவிலும் பங்கு இருந்தது. 1902-ல் அந்தக் குழுவையே விலைக்கு வாங்கி, சின்சினாட்டியை விட்டுவிட்டார். மாத்யூஸனின் வெற்றிகளில் பெரும்பகுதி ப்ரஷ்ஷின் கஜானாவுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. இதைப் பார்த்துச் சரித்திரம் எழுதுகிறவர்கள் புருவத்தை உயர்த்துகிறார்கள். நார்ஃபோக்குக்குக் கொடுக்க வேண்டிய ஆயிரத்துச் சொச்சத்தை நூறாகக் குறைக்க இரண்டு முதலாளிகளும் சேர்ந்து போட்ட நாடகமோ என்ற சந்தேகமும் உண்டு. உண்மை எதுவாயினும் ஒன்று நிச்சயம். நாற்றின் விலையும் கதிரின் விலையும் பேசப்பட்டபோது, நாற்றையோ கதிரையோ யாரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டும் என்ற வழக்கம் வருவதற்கு முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் குழு, கர்ட் ஃப்ளட் என்ற ஆட்டக்காரரை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டது. "நான் வாங்கி விற்கப்படும் சொத்து அல்ல" என்ற கருத்தில் அவர் மறுத்து, உச்ச நீதிமன்றம் வரை போனார். 1972-ல் தோற்றார். ஆனால் 1975 கடைசியில் வேறு இரண்டு வீச்சாளர்களின் வழக்கில் மத்தியஸ்தர் தீர்ப்பளித்து, அந்தப் பழைய கட்டை அவிழ்த்தார். இதற்கிடையே, பத்தாண்டு ஆடி, அதில் கடைசி ஐந்தாண்டு ஒரே குழுவில் இருந்தவரை அவர் சம்மதமின்றி மாற்றக்கூடாது என்ற விதியும் வந்தது. கதிருக்கு வாய் முளைத்தது. நாற்றுக்கு முளைக்கவில்லை.

நம் நாளின் உதாரணம் ஒன்று பார்ப்போம். 2016 டிசம்பரில் பாஸ்டன் ரெட் ஸாக்ஸ், சிகாகோவின் ஒயிட் ஸாக்ஸிடமிருந்து கிறிஸ் சேல் என்ற நெட்டையான இடது கை வீச்சாளரை வாங்கியது. அதற்கு நான்கு நாற்றுகளைக் கொடுத்தது. அவர்களில் யோவான் மொன்காடாவும் மைக்கேல் கோபெக்கும் நாடெங்கும் பேசப்பட்ட பிள்ளைகள். விதை நெல்லை விற்று விருந்து வைக்கிறார்கள் என்று பாஸ்டனில் சிலர் முணுமுணுத்தார்கள். 2018 அக்டோபர் 28 அன்று பாஸ்டன் உலகத் தொடரை வென்றது. கடைசிப் பந்தை வீசியவர் சேல். சிகாகோவில் மொன்காடா 2019-ல் பிரமாதமாக ஆடினார். பிறகு காயங்கள் அவரை விடவில்லை. அந்தக் குழு 2024-ல் 121 ஆட்டங்கள் தோற்றது. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததிலிருந்து அவ்வளவு தோற்ற குழு வேறில்லை.

சேலின் கதையும் அத்துடன் முடியவில்லை. முழங்கையில் அறுவை சிகிச்சை, விலா எலும்பு முறிவு, விரல் முறிவு, போதாக்குறைக்கு சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிவு. ரூஸியின் வழிதான் என்று எல்லோரும் எண்ணினார்கள். 2023 டிசம்பர் 30 அன்று பாஸ்டன் அவரை அட்லாண்டாவுக்குக் கொடுத்து, வான் கிரிஸம் என்ற 22 வயதுப் பிள்ளையை வாங்கியது. அப்போது சேலுக்கு வயது 34. மறு ஆண்டில் சேல் 18 ஆட்டங்கள் வென்று, தேசிய லீக்கின் மிகச் சிறந்த வீச்சாளருக்கான ஸை யங் பரிசைப் பெற்றார். கிரிஸம் காயம்பட்டுச் சில ஆட்டங்களே ஆடினார். 1900-ல் நாற்று வாங்கியவர் ஜெயித்தார். 2016-லும் 2023-லும் கதிர் வாங்கியவர் ஜெயித்தார்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. 2023-ல் சேலிடம் சம்மதம் கேட்டார்கள். அவர் சரி என்ற பிறகுதான் பேரம் முடிந்தது. கிரிஸத்திடம் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இளைஞன் இன்னும் கொடுக்கல் வாங்கலில் செல்லும் நாணயமாகவே இருக்கிறான். நாற்றுக்கு வயல் மாறுவது நல்லது என்று நாம் சமாதானம் சொல்லலாம். பிடுங்கி நடாத நாற்று பொங்கலுக்கு உதவாது என்பதும் மெய்தான். மாத்யூஸனும் பிடுங்கி நடப்பட்டுத்தான் விளைந்தார். ஆயினும் மனிதனுக்கும் நாற்றுக்கும் இடையே வேர் ஒன்றுதான் பொது. நினைவும் மானமும் நாற்றுக்கு இல்லை.

ரூஸியின் பிற்காலத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஆட்டம் போன பிறகு அவர் கூலி வேலைகள் செய்து காலம் கழித்தார். 1921-ல் ஜயண்ட்ஸ் குழுவின் நிர்வாகி ஜான் மக்ரா அவரை நியூயார்க்குக்கு அழைத்து, போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்திலேயே வேலை கொடுத்தார். அதே சமயத்தில் மாத்யூஸன் க்ஷயரோகத்துடன் மலை ஊர் ஒன்றில் படுத்திருந்தார். 1925-ல், 45 வயதில் காலமானார். ரூஸி 1942 வரை இருந்தார். புகழ் மண்டபத்துக்கு மாத்யூஸன் 1936-ல், முதல் ஐவரில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ரூஸியின் பெயர் அங்கே போய்ச் சேர 1977 ஆயிற்று.

இன்றும் பேரங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரூஸியை ஒரு மோசமான பண்டமாகவே நினைவு வைத்திருக்கிறார்கள். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. 200 டாலருக்காக ஓர் ஆண்டுச் சம்பளத்தைத் துறந்து, "இது நியாயமா?" என்று முதலாளியைக் கேட்டவர் அவர். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க எண்பது ஆண்டுகள் பிடித்தன. 372 வெற்றிகளோடு ஒப்பிட்டு அவரை எடை போடுகிறவர்கள், தராசின் இன்னொரு தட்டில் அந்தக் கேள்வியையும் வைத்துப் பார்ப்பது நல்லது.