நீரடியில் ஊர்: மேட்டூர் அணையின் வரலாறு

காவிரியைப் போற்றாத தமிழ்ப் புலவர் அரியர். அவர்கள் போற்றிய காவிரி மழைக்கன்றி மாந்தர்க்குக் கட்டுப்படாதது. கரிகாலன் எழுப்பியதாகப் போற்றப்படும் கல்லணையும் நீரைப் பிரித்துத் திருப்பியதேயன்றித் தேக்கி வைக்கவில்லை. ஆற்றைத் தேக்கி, நாள் குறித்துத் திறக்கும் முறை சோழநாட்டு உழவுக்கு மேட்டூர் அணையோடுதான் வந்தது எனலாம்.

இவ்வணை எளிதில் எழுந்ததன்று. கண்ணம்பாடியில் மைசூர் அரசும் மேட்டூரில் சென்னை மாகாண அரசும் அணை கட்ட முனைந்தபோது நீர்ப்பங்கீட்டுப் பூசல் மூண்டது. பல்லாண்டு வழக்காடலுக்குப் பின் 1924 பிப்ரவரியில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. ஐந்து திங்கள் கழித்து, அவ்வாண்டு ஜூலையிலேயே காவிரியில் பெருவெள்ளம் புரண்டு கரையோர ஊர்களையும் வயல்களையும் அழித்தது. அணையின் தேவையை ஐயத்திற்கிடமின்றி உணர்த்தியது அவ்வெள்ளமே.

1925இல் தொடங்கிய பணி 1934இல் நிறைவுற்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள் திறக்கப்பட்ட அணையின் நீர்த்தேக்கம், அன்றைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வெள்ளக் காலத்து உபரிநீர் பதினாறு கண் மதகின் வழியே வெளியேறும். இத்திட்டத்தின் பகுதியாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து வானம்பார்த்த நிலங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டு சென்றது.

பெற்றது பேசப்படும் அளவுக்கு இழந்தது பேசப்படுவதில்லை. நீர் தேங்கிய பரப்பில் வாழ்ந்த மக்கள் ஊரையும் கோயிலையும் விட்டு வெளியேறினர். நீர்மட்டம் பெரிதும் தாழும்போது பண்ணவாடிப் பக்கம் சலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளித்தெரிகின்றன. தஞ்சை உழவர்க்கு அக்காட்சி வறட்சியின் அறிகுறி. மூழ்கிய ஊரின் வழிவந்தோர்க்கோ முன்னோர் வழிபட்ட இடத்தைக் காணும் அரிய வாய்ப்பு. ஒருவர் மகிழ்வதற்கு மற்றவர் வாட வேண்டியுள்ளது.

ஆடிப்பெருக்கின் பொருளும் மாறிற்று. மேற்குமலை மழை தானே கொணர்ந்த புதுப்புனல், இன்று மதகு திறந்தாலன்றிப் படித்துறைக்கு வருவதில்லை. குறுவைக்கு நீர் திறக்கும் மரபான நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டாண்டுகள் அந்நாளில் அணையைத் திறக்க இயலவில்லை. 2020இல்தான் அம்மரபு மீண்டது.

மருதத்தின் வளத்தைப் பாடும் மரபு நம்மிடம் நெடியது. அவ்வளத்திற்காகத் தம் ஊரை நீருக்குக் கொடுத்தோரும் அம்மரபில் இடம்பெறத் தக்கவரே. அவர்களைப் பாடும் கடன் கவிஞர்க்கு இன்னும் எஞ்சியுள்ளது.