வாக்குண்டு, வரவுசெலவில் இடமில்லை: தோட்ட மக்களும் உள்ளூராட்சிப் பாடமும்

உள்ளூராட்சி மன்றமே ஜனநாயகத்தின் முதற் பாடசாலை என்னும் வாசகத்தை, குடியுரிமைக் கல்வி பற்றிப் பேசுவோர் தவறாமல் எடுத்தாளுகின்றனர். இலங்கையில் அந்தப் பாடசாலையின் வாசலில் ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாக நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. மலையகத்தில் உள்ளூராட்சிப் பயிற்சி நடத்த முனைவோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

ஆளுநர் ஹேர்கியூலிஸ் றொபின்சன் காலத்தில், 1871இல், கிராமியச் சமுதாயங்கள் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பழைய கிராமிய மன்றங்களுக்குப் புத்துயிர் அளிப்பதே அதன் நோக்கம். தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தமிழருக்கு அந்தக் கிராமத்தில் இடம் இருக்கவில்லை. தோட்டம் கிராமத்துக்குள் இருந்தாலும் கிராமத்தின் பகுதியாகக் கருதப்படவில்லை.

1931இல் டொனமூர் யாப்பின்கீழ் சர்வசன வாக்குரிமை வந்தபோது, வசிப்பிடத் தகுதி போன்ற நிபந்தனைகளுடன் தோட்டத் தொழிலாளர் பலரும் அரசாங்க சபைக்கு வாக்களித்தனர். ஆனால் கொழும்பில் சட்டம் இயற்றுபவரைத் தெரிவு செய்யத் தகுதி பெற்றவருக்கு, பக்கத்துக் கிணற்றைப் பற்றி முடிவெடுக்கும் கிராமச் சபைக்கு வாக்கு இல்லை. 1937இல் உள்ளூர் நிர்வாக அமைச்சர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க திருத்த மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவரை விலக்கப்பட்டிருந்த ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் அது இடமளித்தது. இந்தியத் தொழிலாளரை மட்டும் வெளியே விட்டது. இந்திய அரசாங்கம் ஆட்சேபித்தது. இறுதியில் கண்டுபிடிக்கப்பட்ட வழி சாமர்த்தியமானது. இனத்தின் பெயர் சட்டத்திலிருந்து நீங்கியது. தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளர் எவருக்கும் வாக்கில்லை என்றாயிற்று. தோட்ட லயங்களில் வசித்தோரில் மிகப் பெரும்பான்மையினர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். சட்டத்தின் வாசகத்தைக் கழுவி அதன் விளைவை அப்படியே வைத்திருக்கும் கலையில் நமது சட்டவாக்கத்துறை அன்றே தேர்ச்சி பெற்றிருந்தது எனலாம்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் பாராளுமன்ற வாக்கையும் பறித்தன. அக்கதையை இங்கு விரிக்க வேண்டியதில்லை. பிரஜாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் முயற்சியில் ஒரு சட்டம் 2003இலும் நிறைவேறியது.

அதற்குள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்துவிட்டது. பிரஜாவுரிமை பெற்ற தோட்ட மக்கள் வாக்களித்தார்கள். உறுப்பினர்களைத் தெரிவு செய்தார்கள். எனினும் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக விளக்கப்பட்டது. பிரதான வீதியிலிருந்து லயத்துக்குச் செல்லும் பாதை தோட்ட நிர்வாகத்தின் சொத்து. சபை அதில் ஒரு கூடை கல்லும் கொட்ட முடியாதிருந்தது. இத்தனைக்கும் தோட்டக் காணிகளிலிருந்து ஏக்கர் வரி அறவிடச் சபைக்கு அதிகாரம் உண்டு. வரி உள்ளே வரலாம், சேவை வெளியே போகக் கூடாது என்பதே ஏற்பாடாக இருந்தது.

இதன் விளைவு பாதையோடு நிற்கவில்லை. பாதையும் தண்ணீர்க் குழாயும் தொழிற்சங்கத் தலைவரிடமிருந்தோ அமைச்சரிடமிருந்தோ தோட்ட நிர்வாகத்திடமிருந்தோ வர வேண்டியவை என்று மக்கள் கற்றுக்கொண்டார்கள். கேட்டுப் பெறும் உரிமை என்பது தயவில் கிடைக்கும் உபகாரமாகியது. சபை உறுப்பினரும் அமைச்சரின் தூதுவராகவே தம்மைக் கருதினார். முப்பது ஆண்டுகள் நடைமுறையில் கற்பித்த பாடத்தை, மண்டபமொன்றில் இரண்டு நாள் விரிவுரை மாற்றிவிடாது.

நான் பார்த்த பயிற்சிப் பட்டறைகள் பலவும் சட்டவாக்கம், நிறைவேற்று, நீதி என்னும் மூன்று பெட்டிகளை வரைந்துதான் தொடங்கின. மதிய உணவுக்குப் பின் சபையின் அதிகாரங்களை விரிவுரையாளர் வாசிப்பார். சான்றிதழுடன் நிகழ்ச்சி முடியும். பாடத்தை மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் எண்ணம். ‘இந்த வீதி யாருடையது?’ என்ற ஒரு கேள்வி போதும். பங்குபற்றுவோர் தத்தம் தோட்டத்தின் வரைபடத்தைத் தாமே வரைந்து, எது கம்பனியுடையது, எது பிரதேச சபையுடையது, எது மாகாண சபையின் பொறுப்பில் உள்ளது, எது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது என்று குறிக்கட்டும். விடை தெரியாத இடத்துக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அங்கேயே விண்ணப்பம் எழுதட்டும். பதில் வந்த பின் இரண்டாம் வகுப்பு. சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் தம் வட்டாரத்துக்கு என்ன இருக்கிறது என்று தேடுவது அந்த வகுப்பின் வேலை.

காலமும் முக்கியம். வரவுசெலவுத் திட்டம் ஆண்டிறுதிக்குள் நிறைவேற வேண்டியது. தைமாதத்தில் நடத்தும் வரவுசெலவுப் பயிற்சி, அறுவடை முடிந்த வயலுக்கு நீர் பாய்ச்சுவது போன்றது. உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக் குழுக்கள் அமைக்கச் சட்டம் இடமளிக்கிறது. பயிற்சி பெற்றவர் சென்று அமர ஓர் ஆசனம் இருக்க வேண்டுமானால் அக்குழுக்கள் கூட வேண்டும்.

பெண் உறுப்பினர் விடயத்தில் இது இன்னும் அவசரமானது. 25 சதவீத ஒதுக்கீட்டின்கீழ் 2018 பெப்ரவரி 10இல் நடந்த தேர்தலுக்கு முன்னர், நாடெங்கும் உள்ளூராட்சியில் பெண்களின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம். அத்தேர்தலின் பின் 20 சதவீதத்தைத் தாண்டியது. கொழுந்து பறித்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் பெண்ணுக்கு, வேலைநாளில் நகர விடுதியொன்றில் நடக்கும் பட்டறை பயிற்சியல்ல. ஒரு நாட்கூலி இழப்பு.

2018 மலையகத்துக்கு வேறு வகையிலும் முக்கியமான ஆண்டு. நுவரெலியா, அம்பகமுவ ஆகிய பிரமாண்டமான பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டதால், கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா சபைகளுக்கு அவ்வாண்டே முதற் தேர்தல் நடந்தது. பிரதேச சபைகள் சட்டமும் அதே ஆண்டில் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்குள் பணியாற்றச் சபைகளுக்கு வழி திறந்தது. கதவு திறந்து ஐந்தாண்டு ஆவதற்குள், 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் பிற்போடப்பட்டு, செயலாளர்களே நிர்வாகத்தை நடத்தினர். 2025 மே 6இல் தேர்தல் நடந்த பின்னரே சபைகள் மீண்டும் கூடின. வாசலில் காத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால், தோட்ட மக்கள் அந்த வகுப்பறையில் உண்மையாக அமர்ந்திருந்த காலம் மிகச் சொற்பமே.