லயங்களை நாடிய மருத்துவக் கல்வி

கொழும்பிலிருந்து பதுளை செல்லும் பெருவழி, ஹல்துமுல்லையைக் கடந்து மலையேறி, வெல்லவாய வீதி பிரியுமிடத்தில் பெரகலவை அடைகின்றது. சிங்களத்தில் 'பெர' என்பது முரசு. 'கல' என்பது பாறை. முரசுப்பாறை என்னும் இப்பெயர் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் வாழ்வுக்குத் தற்செயலாகவே பொருந்திவிட்டது. முற்காலத்தில் விடியுமுன் ஒலிக்கும் பிரட்டுத் தப்பைக் கேட்டே லயங்கள் துயிலெழுந்தன. தப்புக்கு எழாதவர் யாவர் என்பது கங்காணியின் கணக்கு. எழாதவர் நோயாளியா, சோம்பேறியா என்று முதலில் தீர்ப்பளித்தவரும் பெரும்பாலும் அவரே. அக்கணக்கில் மருத்துவருக்கு இடமிருக்கவில்லை. பொதுச் சுகாதாரம் ஒரு கல்வித்துறையாக நம் நாட்டில் வளர்ந்த வரலாற்றை, நகரத்து மருத்துவக் கல்லூரியினின்றும் நோக்காது, இம்மலைச்சரிவினின்று நோக்கினால் வேறொரு காட்சி தோன்றும்.

தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த மக்களுள், வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பலர். 1872 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டம் பிறந்தது. வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் எழுந்தன. எனினும் அச்சட்டத்தின் நோக்கு, வீழ்ந்தவனை மீண்டும் வேலைக்கு எழுப்புவதேயாம். அவன் ஏன் வீழ்ந்தான் என்று வினவுவதன்று.

அவ்வினாவுக்குரிய விடைகளுள் ஒன்று இலங்கையிற் கிடைத்ததன்று, எகிப்திற் கிடைத்தது. ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானியர் கெய்ரோ மருத்துவக் கல்லூரியில் ஒட்டுண்ணியியல் கற்பித்து வந்தார். கொழுக்கிப்புழுவின் நுண்புழுக்கள் நிறைந்த நீரை அவர் ஆய்வுக்காகக் கையாண்டபோது, சில துளிகள் தம் கைமீது சிந்தின. அவ்விடம் சிவந்து அரித்தது. பின்னர்த் தம் மலத்தைச் சோதித்துப் பார்த்தபோது அப்புழுவின் முட்டைகளைக் கண்டார். வாய்வழியாகவே இப்புழு உடலுட் புகும் என்று கற்றோர் கருதியிருந்த காலம் அது. தோலைத் துளைத்தும் அது புகும் என்பதை லூஸ் 1898 இல் வெளியிட்டார். புதுமையை விரைவில் ஏற்றுக்கொள்ளாத அறிஞருலகம் வழக்கம்போல ஐயுற்றது. அவரோ ஆண்டுக்கணக்கில் உழைத்து, புழு குருதி வழியே நுரையீரலை அடைந்து, தொண்டை வழியாகக் குடலுக்கு இறங்கும் பாதை முழுவதையும் விளக்கினார். தம் கையையே சோதனைக்களமாக்கிய ஆசிரியர் அவர்.

இக்கண்டுபிடிப்பின் பொருள் தேயிலை மலையில் மிகத் தெளிவு. மலசலகூடம் இல்லாத லயம். நிழலும் ஈரமும் நிறைந்த மண். அம்மண்ணில் வெறுங்காலுடன் நடக்கும் மக்கள். புழுவுக்கு இதனினும் வாய்ப்பான இடம் அரிது. குடலிற் பற்றிக்கொண்ட புழு நாள்தோறும் சிறிது சிறிதாகக் குருதியை உறிஞ்சும். முகம் வெளிறும், மூச்சு இளைக்கும், கொழுந்துக் கூடை வரவரப் பாரமாகும். கருவுற்ற பெண்ணுக்கோ அச்சோகை உயிராபத்தாகவும் முடியும். கங்காணி கண்ட சோம்பல்களுள் எத்தனை இப்புழுவின் வேலையோ!

அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தின் சார்பில் விக்டர் ஹைசர் 1915 இல் இலங்கைக்கு வந்தார். மறு ஆண்டு மாத்தளைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கிற்று. சோதிக்கப்பட்டோருள் மிகப் பெரும்பாலோர் புழு உடையோராயிருந்தனர். கீனோபோடியம் என்னும் கடுநெடி எண்ணெயும் பேதியுப்பும் கொடுக்கப்பட்டன. புழுக்கள் வெளியேறின, மக்கள் மீண்டும் அதே மண்ணில் நடந்தனர், புழுக்கள் திரும்பி வந்தன. மருந்தளித்தலோடு மலசலகூடம் அமைத்தலும் வேண்டும் என்று இயக்கத்தார் வற்புறுத்தினர். தோட்டத்துரைமாரிற் பலர் முன்னதற்கு இசைந்தனர், பின்னதற்குத் தயங்கினர். எண்ணெய்க்குச் செலவு சிறிது, கூடங்களுக்குப் பெரிது. அறிவு போதாமையால் நேர்ந்த தோல்வி இதுவன்று என்பதை வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இப்பட்டறிவின் பயனாகவே 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. ஒரு குறித்த நிலப்பரப்பு, அதற்கொரு சுகாதார வைத்திய அதிகாரி, வீடுவீடாகச் செல்லும் மருத்துவமாதர், பிறப்பு இறப்புக் கணக்கு என்பன அதன் உறுப்புக்கள். நாளடைவில் மருத்துவ மாணவருக்கு இத்தகைய பிரிவுகளே களப்பாடசாலைகளாயின. நோயாளி ஒருவரைப் படிப்பதிலிருந்து ஓர் ஊரையே படிப்பதற்குக் கல்வி நகர்ந்தது. ஆயின் தோட்டங்கள் நெடுங்காலம் இவ்வமைப்புக்குப் புறம்பாய், நிர்வாகங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டன. அதன் விளைவை எண்கள் கூறும். உணவுப்பஞ்சம் வாட்டிய 1974 இல், தோட்டப் பகுதிகளிற் பிறந்த 1,000 குழந்தைகளுள் 100 க்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் மாண்டன. நாடு முழுவதற்குமான எண் சுமார் 50 மட்டுமே.

இந்த இடைவெளியைக் கண்ணாற் கண்ட மருத்துவர்களுள் ஒருவர் சிவஞானசுந்தரம் (1928–2005). தமிழுலகம் அவரை 'நந்தி' என்னும் புனைபெயரால் அறியும். யாழ்ப்பாணத்தவராகிய அவர் மலைநாட்டில் மருத்துவராகப் பணிபுரிந்தவர். 1960 களில் வெளிவந்த 'மலைக்கொழுந்து' என்னும் நாவல் அவ்வாழ்வின் விளைவு. வெளியூரார் ஒருவர் எழுதிய மலைநாட்டு நாவல் என்று அதனை ஒதுக்குதல் எளிது. எனக்கோ அது வேறொன்றாகத் தோன்றுகின்றது: மருந்தகத்தின் யன்னலுக்கு அப்பால் நோயாளி எங்கே உறங்குகிறார், யாருக்கு அஞ்சுகிறார் என்று கேட்டறிந்த ஒருவரின் பதிவு. பொதுச் சுகாதார ஆசிரியர் ஒருவருக்கு இதனினும் சிறந்த பயிற்சி வேறு யாது?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978 இல் மருத்துவபீடம் தொடங்கப்பட்டது. அதிற் சமூக மருத்துவப் பேராசிரியராக நந்தி நெடுங்காலம் விளங்கினார். போர் சூழ்ந்த ஆண்டுகளில் நடந்த கற்பித்தல் அது. 1980 களில் வடபகுதிச் சுகாதாரப் பிரிவு ஒன்றில் நிகழ்ந்த சிசு மரணங்களைத் தம் துறையினரோடு ஆராய்ந்து வெளியிட்டார். இறந்த குழந்தை ஒவ்வொன்றையும் கணக்கிற் கொண்டுவருதல் சிறு செயலன்று; கணக்கில் வராத இறப்புக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை.

அவர் பணியில் நான் பெரிதும் மதிப்பது மொழி பற்றியது. தாய்சேய் நலம் பற்றி அவர் எழுதிய நூலொன்றின் பெயர் 'அருமைத் தங்கைக்கு'. சுகாதாரத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரம் 'பொதுமக்களே' என்று விளிக்கும். இவரோ தங்கை என்று விளித்தார். அண்ணன் சொல்லைத் தங்கை கேட்பாள் என்னும் எளிய நம்பிக்கை அது. விளிமாற்றத்தால் மலசலகூடம் கட்டப்பட்டுவிடாது என்பார்க்கு என்னிடம் மறுப்பில்லை. ஆயினும் கொழுக்கிப்புழு இயக்கத்தார் லயத்து மக்களுக்கு மருந்தைக் கொடுத்த அளவுக்குக் காரணத்தைச் சொல்லிக் கொடுத்தனரோ என்னும் ஐயம் எனக்கு உண்டு.

இன்றும் பெரகலவிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்குவோர் கொஸ்லந்தையை அடுத்துள்ள மீரியபெத்தைச் சரிவைக் காணலாம். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட்காலை, மண்சரிவு அங்கிருந்த லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என்று கட்டட ஆய்வு நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது.

நந்தி தம் முதுமைக் காலத்தில், ஆய்வு செய்யப் பழகும் முறைபற்றி மாணவருக்கென ஆங்கிலத்தில் ஒரு கைந்நூல் எழுதினார். நூலகங்களில் அது மருத்துவ அடுக்கிலும், 'மலைக்கொழுந்து' தமிழ் நாவல் அடுக்கிலும் இருக்கின்றன. மருத்துவம் பயிலப் போகும் நம் மாணவர் இரண்டையும் ஒரே நாளில் இரவல் பெற்று வருவாராக.