தகரப் புகையிரதங்களும் மறைந்த கைகளும்: விளையாட்டுப் பொருட் சேகரிப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பழைய தகர விளையாட்டுப் புகையிரதங்களைத் தேடிச் சேர்ப்பதும் அவற்றைச் செப்பனிடுவதும் ஐரோப்பாவில் இன்று பரவலாகக் காணப்படும் ஈடுபாடுகளாகும். முற்போக்குச் சிந்தனையுடையோர் பலர் இதனை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்றும், இழந்த பால்யத்துக்கான ஏக்கம் என்றும் கூறி ஒதுக்கிவிடுவர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், ஒரு பொருளை இன்று யார் விரும்புகின்றனர் என்பதைக் கொண்டு மட்டும் அதன் வரலாற்றுப் பெறுமதியைத் தீர்மானித்துவிட முடியாது. அப்பொருள் எவரால், எத்தகைய உறவுகளின் கீழ் உற்பத்தி செய்யப்பட்டது என்பதே எமது முதல் வினாவாதல் வேண்டும். இவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதி செப்பனிடுவோரின் மேசையிலேயே கிடக்கின்றது என்பதே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விழைவது.

இங்கு தகரம் என நாம் குறிப்பிடுவது வெள்ளீயப் பூச்சுடைய மெல்லிய உருக்குத் தகட்டினையாகும். ஜேர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மார்க்ளின் நிறுவனம், முதலிற் பொம்மை வீடுகளுக்கான தகரச் சமையற் பாத்திரங்களையே செய்து வந்தது. 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் அந்நிறுவனம் சுருள்வில்லால் இயங்கும் புகையிரதத்தை, வரையறுக்கப்பட்ட தண்டவாள அகலங்களுடன் காட்சிக்கு வைத்தது. அகலத்தைத் தரப்படுத்தியமை வெறுந் தொழில்நுட்பச் சீர்திருத்தமன்று. வட்டப் பாதை ஒன்றையும் எஞ்சின் ஒன்றையும் பெற்ற பிள்ளைக்கு அடுத்த ஆண்டு ஒரு பெட்டி தேவைப்படும். அதற்கடுத்த ஆண்டு ஒரு நிலையம் தேவைப்படும். வாங்கி முடியாத பண்டம் ஒன்று இவ்வாறு மத்தியதர வர்க்கத்து வீட்டினுள் நுழைந்தது.

தொடக்ககாலப் புகையிரதங்கள் பற்றாசு வைத்துப் பொருத்தப்பட்டு, கையால் வர்ணந் தீட்டப்பட்டவை. தகரத்தின் மீது கல்லச்சு முறையில் அச்சிடும் உபாயத்துக்கு இங்கிலாந்தில் றொபேட் பார்க்லே 1875இற் காப்புரிமை பெற்றார். இம்முறை விளையாட்டுப் பொருட் கைத்தொழிலிற் பரவியதும் வேலை ஒழுங்கே மாறியது. ஆணிகள், யன்னல்கள், கம்பெனியின் பெயர் யாவும் தட்டையான தகட்டிலே முதலில் அச்சாகின; பின்னர் தகடு வெட்டப்பட்டு, வளைக்கப்பட்டு, நாக்குகளைத் துளைகளிற் செருகி மடித்துப் பொருத்தப்பட்டது. விலை குறைந்தது, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கும் புகையிரதம் கிட்டியது. ஆனால், தூரிகை பிடித்த கையின் திறன் அச்சுப் பொறிக்குட் சென்றுவிட்டது. பண்டம் பரவலாவதும் உழைப்பாளி தன் திறனை இழப்பதும் ஒரே இயக்கத்தின் இரு பக்கங்களாக அமைந்தமை மனங்கொள்ளத்தக்கது.

நூரம்பேர்க் நகரின் பிங் நிறுவனம் இவ்வகை உற்பத்தியிற் பெயர் பெற்றது. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் அதன் பொருட்களைக் கண்ட ஆங்கில வணிகர் பாசெற்-லோக், பிரித்தானியக் கம்பெனிகளின் நிறங்களில் எஞ்சின்களை அங்கே செய்வித்து இங்கிலாந்தில் விற்றார். அவர் பேபியன் சோசலிசவாதி என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

1914இல் மூண்ட போர் இவ்வணிகத்தை முறித்தது. போருக்குப் பின் நிலவிய ஜேர்மன் எதிர்ப்புணர்வின் மத்தியில், மெக்கானோவை உருவாக்கிய பிராங்க் ஹோர்ண்பி, 1920இல் லிவர்பூலிலிருந்து தமது புகையிரதங்களை வெளியிட்டார். முதல் வண்டிகள் மெக்கானோவைப் போலவே திருகாணிகளாற் பொருத்தப்பட்டு, கழற்றிப் பூட்டத் தக்கனவாக இருந்தன. அவை பிரித்தானியத் தயாரிப்பு என்பதே விளம்பரத்தின் உயிர்நாடி. ஹோர்ண்பி 1931இற் பழைமைவாதக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

பிரித்தானியத் தயாரிப்பு என்ற சுலோகம் எதை மறைத்தது? தகரத்துக்கு வெள்ளீயம் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகுக்கு அதனை வழங்கிய நாடுகளுள் முதன்மையானது மலாயா. அங்கு அதனைத் தோண்டியோர் பெரும்பாலும் சீனத் தொழிலாளர். மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை போடப்பட்டதும் வெள்ளீயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுசெல்லும் பொருட்டேயாகும். அப்புகையிரதப் பகுதியிலே எழுதுவினைஞராகவும் நிலைய அதிபர்களாகவும் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் பின்னர் பணியாற்றினர் என்பதை எமது வாசகர் அறிவர். விளையாட்டுப் புகையிரதத்தின் மேற்பூச்சுக்குப் பின்னால் மெய்யான புகையிரதம் ஒன்றும், மெய்யான உழைப்பும் நின்றன.

லிவர்பூலின் பின்ஸ் வீதித் தொழிற்சாலை 1964இல் லைன்ஸ் சகோதரர் நிறுவனத்துக்கும், 1971இல் எயார்பிக்ஸ் நிறுவனத்துக்கும் கைமாறியது. 1979 நவம்பரில் அது மூடப்பட்டபோது தொழிலாளர் வெளியேற மறுத்துத் தொழிற்சாலையைத் தம் வசப்படுத்தினர். போராட்டம் தோல்வியுற்றது, கட்டடமும் பின்னர் இடிக்கப்பட்டது. ஹோர்ண்பிப் புகையிரதங்களைச் சேகரிப்போரின் சங்கம் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1969இல், தோன்றியிருந்தது. பொருள் அரும்பொருளாயிற்று, அதனைச் செய்தவன் வேலையற்றவனானான்.

இப்பின்னணியிலேயே செப்பனிடுதல் பற்றிய விவாதத்தை நோக்குதல் வேண்டும். உரிந்த வர்ணத்தைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவோர் ஒரு சாரார். துருவை நிறுத்தி, எஞ்சியதை எஞ்சியவாறே காப்போர் மறுசாரார். கல்லச்சுத் தகட்டில் இவ்வேறுபாடு கூர்மையடைகின்றது. அச்சு அழிந்த இடத்தைத் தூரிகையால் நிரப்பலாம். அச்சாக மீட்க முடியாது. 1930களின் சில சக்கரங்களோ, துத்தநாகக் கலப்புலோகத்தில் ஈயம் கலந்தமையால் வெடித்து உதிர்கின்றன. அவற்றை மாற்றாமல் வண்டி ஓடாது. சுவடிகளைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோரின் முயற்சிகளை அறிந்தோருக்கு இச்சிக்கல் புதியதன்று. சிதைந்த அடியைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பலாம்; நிரப்பியதைச் சொல்லாது விடின் அது இடைச்செருகலாகிவிடும். செப்பனிடுவோனும் தான் மாற்றிய சக்கரத்தை, தான் பூசிய வர்ணத்தைப் பதிவுசெய்தல் வேண்டும்.

சந்தை இதனை வேறு காரணத்துக்காகக் கோருகின்றது. மூல வர்ணத்துக்கு விலை அதிகம்; மறுவர்ணத்துக்குக் குறைவு. எமது காரணம் வேறு. கோணிய நாக்கையும் பற்றாசின் தடிப்பையும் விலை குறைக்கும் குறைகளாகச் சந்தை காணலாம். அவையோ பெயரற்ற தொழிலாளியின் கையெழுத்து. பெட்டியின் மீது முதலாளியின் பெயர் உண்டு. தொழிலாளியின் பெயர் எங்கும் இல்லை. நாக்கை நிமிர்த்தி உட்புறத்தைத் திறந்து பார்ப்பவனே அக்கையெழுத்தை முதலில் வாசிக்கின்றான்.

ஆகவே சேகரிப்போரை எள்ளி நகையாடுவதால் ஆவது எதுவுமில்லை. அவர்களிடம் பொருளறிவு உண்டு. எம்மிடம் சமூக வரலாற்று நோக்கு உண்டு. இவையிரண்டும் இணையாதவிடத்து, கண்ணாடிப் பேழையுள் வண்டி பளபளக்கும். அதனைச் செய்த கைகள் வரலாற்றுக்கு வெளியிலேயே நின்றுவிடும்.