வேலியைத் தாண்டிய 27

பேஸ்பால் கதை – 4

1919 செப்டம்பர். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் பேப் ரூத் ஹோம் ரன்களாக விளாசிக்கொண்டிருந்தார். ஒரே சீசனில் அதிகபட்சம் பக் ஃப்ரீமன் 1899-ல் அடித்த 25-தான் என்று பத்திரிகைக்காரர்கள் எண்ணியிருந்தார்கள். ரூத் அதைத் தாண்டியதும் பழைய கணக்குகளைப் புரட்டினால், இன்னும் மேலே ஒரு பெயர் இருந்தது: நெட் வில்லியம்சன், சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸ், 1884-ல் 27 ஹோம் ரன்.

அந்தக் காலத்தில் 27 என்பது நம்ப முடியாத எண். 1876-ல் நேஷனல் லீக் தொடங்கியபோது, சீசன் முழுக்க அதிக ஹோம் ரன் அடித்த ஜார்ஜ் ஹாலின் கணக்கே வெறும் 5. லீக்கின் முதல் ஹோம் ரன்னை அடித்த ராஸ் பார்ன்ஸ், பந்தை வேலிக்கு வெளியே அனுப்பவில்லை. எதிரணி பந்தை எடுத்து எறிவதற்குள் நான்கு தளங்களையும் ஓடியே கடந்தார். ஹோம் ரன் அன்று தோள்பலத்தைவிடக் கால்பலத்தை நம்பியிருந்தது.

வில்லியம்சனுக்கு எப்படி 27 கிடைத்தது? மிச்சிகன் ஏரிக்கரையில் நெருக்கடியான இடத்தில் இருந்தது சிகாகோ அணியின் மைதானம். இடதுபக்க வேலி சுமார் 180 அடி, வலதுபக்கம் 196 அடி. இன்றைய பெரிய லீக் மைதானங்களில் இந்தத் தூரம் 300 அடிக்குக் குறையாது. வேலி இவ்வளவு கிட்டே இருந்ததால், 1883-ல் அதைத் தாண்டிய பந்துக்கு இரண்டு தளங்கள் (டபுள்) மட்டுமே என்று உள்ளூர் விதி வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு வில்லியம்சன் கணக்கில் 49 டபுள், 2 ஹோம் ரன்.

1884-ல் விதி மாறியது. வேலியைத் தாண்டினால் ஹோம் ரன்! மே 30 அன்று ஒரே ஆட்டத்தில் வில்லியம்சன் 3 அடித்தார். பெரிய லீக்கில் அதற்கு முன் யாரும் செய்யாதது. அந்த சீசனில் சக வீரர்கள் ஃபெஃபர் 25, டால்ரிம்பிள் 22, கேப்டன் ஆன்சன் 21. அணி மொத்தம் 142. வில்லியம்சனின் 27-ல் 25 சொந்த மைதானத்தில் வந்தவை. வெளியூரில் இரண்டே இரண்டு. மறு ஆண்டு அணி வேறு மைதானத்துக்குப் போனது. அவர் அடித்தது 3.

இதை வைத்து அவரை அதிர்ஷ்டசாலி என்று ஒதுக்குவது அநியாயம். மூன்றாம் தளத்தில் அவரைப் போலத் தடுத்தாடியவர்கள் அன்று அரிது. தான் பார்த்ததிலேயே தலைசிறந்த ஆல்ரவுண்டர் என்று ஆன்சன் அவரைப் போற்றினார். அணி உரிமையாளர் ஸ்பால்டிங்கின் உலகச் சுற்றுப்பயணத்தில் ஆஸ்திரேலியா, கொழும்பு, எகிப்து வழியாகப் போன வில்லியம்சன், 1889-ல் பாரிஸில் முழங்காலில் அடிபட்டார். பழைய ஆட்டம் திரும்பவில்லை. 1894-ல், 36 வயதில், காலமானார்.

ரூத் 1919-ஐ 29 ஹோம் ரன்னோடு முடித்தார். சொந்த மைதானத்தில் 9, வெளியூரில் 20. வில்லியம்சனின் கணக்குக்கு நேர் தலைகீழ். சாதனை எண்ணைப் படிக்கும்போது, அது எந்த மைதானத்தில், எந்த விதியின்கீழ் வந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் வீரனையும் சரியாக எடைபோட முடியும்.

அப்படி எடைபோட்டால் அந்தத் தலைமுறையில் முன்னே நிற்பவர் ரோஜர் கானர். வாழ்நாள் கணக்கு 138. 1921-ல் ரூத் கடக்கும்வரை அதுவே உச்சம். அடுத்த வாரம் அவர் கதை.

(தொடரும்)