தொலைவும் நிறைவும்: தென்கிழக்குக் கரையில் கலப்புமுறைக் கற்றல்

ஆசிரியரும் மாணவரும் விரிவுரை மண்டபத்தில் நேருக்கு நேர் கூடிப் பயில்வதையும், இணையத்தின் வழியே அவரவர் இருந்த இடத்திலிருந்து பயில்வதையும் ஒரே பாடநெறிக்குள் திட்டமிட்டு இணைப்பதைக் கலப்புமுறைக் கற்றல் என்பர். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இச்சொல் பரவலாக வழங்கலாயிற்று. இம்முறையில் மாணவர் நிறைவு கொள்கின்றனரா, கொள்வராயின் எக்காரணங்களால் என்னும் வினாவை ஆய்வாளர் பலர் வினாக்கொத்துகளின் வாயிலாக ஆராய்ந்து வருகின்றனர். வினாக்கொத்து ஒரு காலத்தின் மனநிலையைக் காட்டவல்லது. அம்மனநிலை எவ்வாறு உருவாயிற்று என்பதைக் காட்டுவது வரலாறே. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை எனத் தெற்கிலிருந்து வடக்காக நீளும் கரையோரத்தில் தொலைவிலிருந்து கற்றல் நூறாண்டுக்கு மேற்பட்ட பழமை உடையது. அப்பழமையின் துணையோடு மாணவர் நிறைவின் அடிப்படையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலப்பின் பழைய வடிவங்கள்

தொலைக்கல்வியின் தோற்றத்தை 1840ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐசாக் பிற்மன் அஞ்சல் வழியே சுருக்கெழுத்துக் கற்பித்த முயற்சியிலிருந்து தொடங்குவது வழக்கம். அவர் பாடத்தை அனுப்பியதோடு அமையாது, மாணவர் எழுதி அனுப்பிய பயிற்சிகளைத் திருத்தியும் அனுப்பினார். 1858ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகம், கல்லூரியில் அமர்ந்து பயிலாதோரும் தன் பட்டப் பரீட்சைகளுக்குத் தோற்றலாம் என வாயிலைத் திறந்துவிட்டது. பிற்மன் முறையில் பாடமும் திருத்தமும் இருந்தன. இலண்டன் முறையில் பரீட்சை மட்டுமே இருந்தது. இவ்வேறுபாடு பின்வருவனவற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

தென்கிழக்குக் கரை இவ்விரண்டாம் முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்றை உடையது. காரைதீவில் 1892ஆம் ஆண்டில் பிறந்த மயில்வாகனனார், பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர் எனப் போற்றப்பட்டவர், 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் தேறினார். இலண்டனுக்குச் சென்று பயிலாமலே அப்பட்டத்தைப் பெற்ற அவர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். இவ்வரலாற்றிலிருந்து தனித்துப் பயிலுதலே போதுமானது என முடிவு கொள்வது பொருந்தாது. அவர் கொழும்பில் பயிற்சிக் கல்லூரியிலும் தொழில்நுட்பக் கல்லூரியிலும் ஆசிரியர் முன் அமர்ந்து பயின்றவர். தமிழறிஞரை நாடிப் பாடங் கேட்டவர். பரீட்சை தொலைவில் இருந்தது. ஆசிரியர் அருகில் இருந்தார்.

தனியொருவர் தம் முயற்சியால் அமைத்துக்கொண்ட இக்கலப்பை நாடு முழுமைக்குமாக அமைத்துக் கொடுத்த நிறுவனமே 1921ஆம் ஆண்டில் கொழும்பில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி. அதற்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லை. அதன் மாணவர் கொழும்பில் விரிவுரை கேட்டு, இலண்டன் வகுத்த பாடத்திட்டத்தின்படி இலண்டன் பரீட்சைக்கே தோற்றினர். 1942ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்படும் வரை இந்நிலை நீடித்தது. எனவே, இலங்கையின் உயர்கல்வி தொலைவையும் நேர்முகத்தையும் கலந்தே தொடங்கிற்று எனக் கூறுதல் மிகையாகாது.

வெளிவாரிக் கல்வியும் திறந்த பல்கலைக்கழகமும்

பேராதனையில் வளர்ந்த வதிவிடப் பல்கலைக்கழகம் சிலருக்கே இடமளிக்கக் கூடியதாயிருந்தது. தாய்மொழிக் கல்வியால் உயர்தரப் பரீட்சையில் தேறியோர் தொகை பெருகியபோது, இடம் கிடையாதோர்க்கு வெளிவாரிப் பட்டமே எஞ்சிய வழியாயிற்று. பாடசாலையில் கற்பித்துக்கொண்டே பட்டம் பெற விழைந்த ஆசிரியர்க்கும், வீட்டையும் ஊரையும் விட்டு வெளியேற இயலாத பெண்களுக்கும் அது பெருந்துணையாக இருந்தது. ஆயினும் பல்கலைக்கழகம் அவர்களைப் பதிவுசெய்து பரீட்சை நடத்தியதேயன்றிக் கற்பிக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. அவ்வெற்றிடத்தைத் தனியார் வார இறுதி வகுப்புகளும் கைமாறிப் பழகிய குறிப்புகளும் நிரப்பின. எழுதிய விடையைத் திருத்தி, இவ்விடத்தில் பிழை என்று கூறுவார் இல்லாமையே வெளிவாரி மாணவரின் பெருங்குறையாக இருந்தது.

இக்குறையை நீக்கும் முயற்சிகள் 1970களில் தொடங்கின. 1972இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிச் சேவைகள் முகவரகமும் 1976இல் தொலைக்கல்வி நிறுவகமும் தோன்றின. இவ்விரண்டும் ஒன்றாகி 1980ஆம் ஆண்டில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1971இல் தன் முதல் மாணவரைச் சேர்த்த பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் இதற்கு முன்னோடி. தனித்துப் பயில்வதற்கெனவே எழுதப்பட்ட பாடநூல், குறித்த நாளில் ஒப்புவித்துத் திருத்தம் பெறும் ஒப்படை, பிரதேச நிலையங்களில் ஆசிரியரைச் சந்திக்கும் வகுப்பு ஆகிய மூன்றும் இம்முறையின் தூண்களாகும். இணையம் வருவதற்கு முன்னரே கலப்புமுறையின் உறுப்புகள் யாவும் இவ்வாறு அமைந்துவிட்டன. பிற்காலத்தில் கணினி செய்தது, அஞ்சலின் வேகத்தை மாற்றியதாகும்.

ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம்

இனி, தென்கிழக்குக் கரையில் பல்கலைக்கழகம் தோன்றிய சூழ்நிலை நோக்கத்தக்கது. 1990ஆம் ஆண்டில் வடக்கிலும் கிழக்கிலும் நிகழ்ந்த வன்செயல்களும், அவ்வாண்டு அக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமையும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் முஸ்லிம் மாணவர் கல்வியைத் தொடர இயலாத நிலையைத் தோற்றுவித்தன. பல்கலைக்கழக அனுமதி பெற்றும் பல்கலைக்கழகத்தை அடைய முடியாதோராக அவர்கள் நின்றனர். எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995ஆம் ஆண்டு அக்டோபரில் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியொன்று தொடங்கப்பட்டு, 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கைத் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பின்னர் அது ஒலுவிலில் நிலைகொண்டது. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் அமைந்தது.

அம்மாணவர்க்கு அஞ்சல்வழிப் பாடங்களை அனுப்பிவைத்தலே போதுமென எவரும் அன்று கருதவில்லை. ஆசிரியர், நூலகம், சக மாணவர், விடுதி ஆகியன ஒருங்கே அமைந்த ஓர் இடம் வேண்டுமென்பதே கோரிக்கையாக இருந்தது. இக்கரையில் நேர்முகக் கல்வி எளிதிற் கிடைத்த ஒன்றன்று. இழந்து பெற்ற ஒன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். அதன் பின்னரும் இப்பல்கலைக்கழகம் தொடர்ந்து வளர்ந்தது. இன்று நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து வரும் சிங்கள மாணவரும் இங்குப் பயில்கின்றனர். ஆகவே, கலப்புமுறையால் நேர்முகக் கல்வியின் ஒரு பகுதி குறைக்கப்படும்போது இங்கு எழும் ஐயத்தைப் புதுமையை ஏற்காத மனப்பான்மை எனத் தள்ளிவிடுதல் முறையன்று.

பெருந்தொற்றும் மின்வெட்டும்

2002ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியமாஸ் வெளியிட்ட மூடில் என்னும் இலவச மென்பொருள் இலங்கைப் பல்கலைக்கழகங்களிலும் இடம்பெற்றது. எனினும் நெடுங்காலம் அது விரிவுரைக் குறிப்புகளைச் சேர்த்துவைக்கும் பேழையாகவே பெரிதும் பயன்பட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது கற்பித்தல் முழுவதும் சில வாரங்களுக்குள் இணையத்துக்கு மாறிற்று. 1990இல் தொடங்கிய இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு இதற்கு முதுகெலும்பாயிற்று; தொலைபேசி நிறுவனங்கள் பல்கலைக்கழகத் தளங்களுக்குக் கட்டணமின்றி அணுக இடமளித்தன. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுப் பிரதேசம் தொற்றின் காரணமாகத் தனிமைப்படுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் தட்டுப்பாட்டால் மாணவர் பயணம் செய்ய இயலாது மீண்டும் இணையமே கதி என்றாயிற்று. ஆனால் அதே நெருக்கடியில் மார்ச் 31ஆம் நாளளவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரத்தை எட்டியது. பயணத்துக்கு மாற்றாக வந்த இணையமும் மின்சாரமின்றி நின்றது.

இக்காலத்தில் நிகழ்ந்தது நெருக்கடிக்கால மாற்றேற்பாடு. திட்டமிட்ட கலப்புமுறை அன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, அக்காலத்து மனக்குறைகளைக் கலப்புமுறையின் குறைகளாகவோ, அக்காலத்துப் பாராட்டுகளை அதன் நிறைகளாகவோ கொள்வது தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

நிறைவை வகுக்கும் காரணிகள்

மாணவர் நிறைவு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சில கோட்பாடுகளை அடியொற்றி நடைபெறுகின்றன. 1980இல் ரிச்சர்ட் ஒலிவர், நிறைவென்பது எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் இடையிலான ஒப்பீட்டிற் பிறப்பது என விளக்கினார். 1989இல் பிரெட் டேவிஸ் ஒரு தொழில்நுட்பத்தை மனிதர் ஏற்பதற்கு அதன் பயனும் எளிமையும் பற்றிய எண்ணங்களே காரணம் என்றார். டிலோன், மக்லீன் ஆகியோர் 1992இல் வகுத்து 2003இல் திருத்திய கோட்பாடு, முறைமையின் தரம், தகவலின் தரம் ஆகியவற்றோடு சேவையின் தரத்தையும் சேர்த்துக்கொண்டது. இவை வணிகத் துறையிலும் தகவல் முறைமைத் துறையிலும் பிறந்தவை. கல்வியை மையமாகக் கொண்டு சிந்தித்த மைக்கேல் மூர், தொலைவென்பது நிலப்பரப்பால் அளக்கப்படுவதன்று என்றும், ஆசிரியர் மாணவரிடையே உரையாடல் குறையக் குறையத் தொலைவு மிகும் என்றும் 1970களிலிருந்து வற்புறுத்திவந்தார். 2000ஆம் ஆண்டில் கனடாவில் கரிசன், அன்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூவரும் இணையவழிக் கற்றலில் ஆசிரியரின் முன்னிலை, சமூக முன்னிலை, அறிவு முன்னிலை ஆகிய மூன்றும் வேண்டுமென்றனர்.

இக்கோட்பாடுகளைத் தென்கிழக்குக் கரையின் நிலைமையோடு பொருத்தி நோக்குமிடத்து நான்கு காரணிகள் முதன்மை பெறுகின்றன.

முதலாவது, வசதி. கையடக்கத் தொலைபேசியின் சிறு திரையில் விரிவுரை கேட்கலாம். கணக்கியல் அட்டவணையை நிரப்புவதும் நீண்ட ஒப்படை எழுதுவதும் அரிது. வீட்டில் தனியறையும் அமைதியும் இல்லாத மாணவிக்கு, விரிவுரை நேரத்திலும் வீட்டு வேலை காத்திருக்கும்.

இரண்டாவது, மொழி. தமிழ் மொழியில் உயர்தரம் வரை பயின்ற மாணவர் முகாமைத்துவம், விஞ்ஞானம், பொறியியல் போன்ற துறைகளை ஆங்கிலத்தில் பயில்கின்றனர். விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் மாணவரின் முகக்குறிப்பை அறிந்து மீண்டும் விளக்குவார். அருகிலிருக்கும் நண்பர் தமிழில் எடுத்துரைப்பார். ஒலி நிறுத்தப்பட்டு முகம் மறைந்த இணைய வகுப்பில் இவ்விரு துணையும் இல்லை. அதே வேளையில், பதிவுசெய்யப்பட்ட விரிவுரையைப் பலமுறை நிறுத்திக் கேட்கும் வாய்ப்பு மொழியால் இடர்ப்படும் மாணவர்க்கே பெரிதும் உதவுகின்றது. கலப்புமுறை திட்டமிட்டு அமையும்போது மொழித்தடையைக் குறைக்கவும், திட்டமின்றி அமையும்போது அதைக் கூட்டவும் வல்லது.

மூன்றாவது, மறுமொழி. பிற்மனின் மாணவர் பெற்றதும் வெளிவாரி மாணவர் பெறாததும் இதுவே. வினாவுக்கு விடையும் ஒப்படைக்குத் திருத்தமும் உரிய காலத்தில் வருமாயின் மாணவர் ஏனைய குறைகளைப் பொறுத்துக்கொள்வர். வாராவிடின் மிகச் சிறந்த கருவியும் அவர்க்கு வெற்றுப் பேழையே.

நான்காவது, மதிப்பீடு. இணையத்தில் நிகழும் கலந்துரையாடலுக்கும் பயிற்சிக்கும் புள்ளிகள் இல்லையாயின், பரீட்சையை நோக்கியே பயிலும் மாணவர் அவற்றைச் சுமையாகக் கருதுவது இயல்பு.

நிறைவு என்னும் அளவுகோல்

நிறைவையே கல்வியின் இறுதி அளவாகக் கொள்வதிலும் இடர் உண்டு. ஒலிவரின் விளக்கத்தின்படி குறைவாக எதிர்பார்ப்பவர் எளிதில் நிறைவடைவர். பெருநகர்ப் பல்கலைக்கழகத்தைப் பாராத மாணவர் தமக்குக் கிடைத்ததே போதுமென வினாக்கொத்தில் குறிப்பாராயின், அது பல்கலைக்கழகத்துக்குப் பெருமை தருவதாகாது. மேலும், 2019ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் வகுப்புகளில் நிகழ்ந்த ஆய்வொன்றில், தாமே முயன்று கற்கும் வகுப்பிலிருந்த மாணவர் மிகுதியாகக் கற்றிருந்தும், சீரான விரிவுரை கேட்டோரைவிடத் தாம் குறைவாகவே கற்றதாக எண்ணினர். உழைப்பு மிகும் கல்வி கற்கும்போது இனிப்பதில்லை. எனவே நிறைவின் அளவைப் பெறுபேற்றின் அளவோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

கலப்புமுறையின் பயனைப் பற்றியும் இத்தகைய எச்சரிக்கை தேவை. அமெரிக்கக் கல்வித் திணைக்களத்துக்காக 2009இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு, கலப்புமுறை மாணவர் நேர்முகமாக மட்டும் பயின்றோரைவிடச் சராசரியாக மேம்பட்டிருந்தனர் எனக் கண்டது. ஆனால் அம்மாணவர் கூடுதலான நேரத்தையும் கூடுதலான பாடத்துணைகளையும் பெற்றிருந்தனர் என்பதையும் அது சுட்டிக்காட்டியது. கலப்புமுறை நேர்முகத்தோடு மற்றொன்றைக் கூட்டியபோதே சிறந்தது என்பது இதன் பொருள். மண்டபங்களின் பற்றாக்குறைக்கும் செலவுக் குறைப்புக்கும் பரிகாரமாக நேர்முக வகுப்பைக் கழிப்பதற்கு அவ்வாய்வு சான்றாகாது.

முடிவுரை

விபுலாநந்தர் காலத்து இலண்டன் பரீட்சை முதல் இற்றை நாள் இணைய வகுப்பு வரை கருவிகள் பலமுறை மாறியுள்ளன. ஆசிரியரின் மறுமொழி கிடைத்த காலத்தில் தொலைவு தாங்கக்கூடியதாயிருந்தது. அது கிடையாத காலத்தில் மாணவர் பணங்கொடுத்தும் ஊர் கடந்தும் ஓர் ஆசிரியரைத் தேடினர். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தோன்றியதே அத்தேட்டத்தின் விளைவாகும். ஆதலின் இக்கரையில் கலப்புமுறையைத் திட்டமிடுவோர், எவ்விரிவுரையை இணையத்தில் இடலாம் என்று வினவுமுன், எம்மணிநேரங்களை நேர்முகச் சந்திப்புக்கென விலக்கின்றிக் காக்கவேண்டும் என்று வினவுதல் தகும். திருத்திய ஒப்படை எத்தனை நாளில் மாணவர் கையை அடையும் என்பதையும் பாடநெறியின் தொடக்கத்திலேயே அறிவித்தல் வேண்டும். இவ்விரண்டும் உறுதிப்படாதவிடத்து, கட்டடமும் விடுதியும் நூலகமும் இருந்தும் உள்வாரி மாணவர் வெளிவாரி மாணவராகிவிடுவர்.