சாளுவன்குப்பம் என்றொரு ஃபோல்டர்

2006ல் ஒருநாள் காலை, செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. முந்தின ராத்திரி மூணு தடவை கரண்ட் போய்ப் போய் வந்திருந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு சேதி: சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கவேண்டிய ஹால் டிஎல்எல் என்ற கோப்பைக் காணோம், அல்லது கெட்டுப்போயிருக்கிறது.

அப்பா கேட்ட முதல் கேள்வி: "என் சாளுவன்குப்பம் இருக்கா?"

2004 டிசம்பர் 26 சுனாமி, மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பம் கரையில் மணலை அரித்துப் பாறைக் கல்வெட்டு ஒன்றை வெளியே காட்டியது. அது திருவிழிச்சில் என்ற ஊரின் முருகன் கோயிலுக்குக் கொடுத்த கொடையைப் பேசியது. அந்தப் பெயரில் ஊரும் இல்லை, கோயிலும் இல்லை. 2005ல் தொல்லியல் துறை பக்கத்து மணல்மேட்டைத் தோண்டியது. பல்லவர் காலக் கோயில் வந்தது; அதற்கும் கீழே அதைவிடப் பழைய செங்கல் கட்டுமானம். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த அப்பா, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து வாராவாரம் அங்கே போவார். குப்பத்துக் கிழவிகள் அலையைப் பற்றிச் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே எழுதிவந்து, ராத்திரி ஒத்தை விரலால் தட்டி ஏற்றுவார். தட்டி முடித்ததும் தாளைப் பழைய பேப்பரோடு போட்டுவிடுவார். அதுதான் அந்த ஃபோல்டர்.

தெரிந்த பையன் ஒருவன் எக்ஸ்பி சிடியோடு வந்தான். சிடியிலிருந்து பூட் செய்து, ரெக்கவரி கன்சோலுக்குள் போய், ஐ386 ஃபோல்டரில் சுருக்கி வைத்திருந்த ஹால் கோப்பை விரித்து அதன் இடத்தில் வைத்தான். டிஸ்க்கைச் சோதித்தான். விண்டோஸ் வந்தது. பிறகு ரன் பெட்டியில் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்று அடித்தான். எக்ஸ்பி தன் கோப்புகளுக்கு டிஎல்எல்கேஷ் என்ற ஃபோல்டரில் நகல் வைத்திருக்கும். எது காணாமல் போனாலும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும், அங்கேயும் இல்லையென்றால் சிடியைக் கேட்கும். அரைமணி நேரத்தில் எல்லாம் சரி.

அப்பா ஃபோல்டரைத் திறந்தார். தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக நின்றன. வேர்டின் மேல்பட்டையில் எழுத்துருவின் பெயர் மட்டும் இருந்தது. பேர் இருக்கு, ஆள் இல்லை.

கெட்டுப்போன கோப்புகளில் அந்தத் தமிழ் எழுத்துருவும் ஒன்று. எஸ்எஃப்சி ஏன் அதை மீட்கவில்லை? அது விண்டோஸின் கோப்பே இல்லை. அதன் பட்டியலில் இருப்பதை மட்டும்தான் அது தேடும். அதுவரை நாங்கள் வீட்டில் எழுதிய தமிழ் அத்தனையும் சிஸ்டத்துக்கு விருந்தாளி என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதற்கு ஒரு வரலாறு உண்டு. 8 பிட் முறையில் 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்துக்குப் போக, மிச்சத்தில் தமிழைக் குடிவைத்தார்கள். யார் எந்த எழுத்தை எங்கே வைப்பது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. இணையத்தில் கூடியவர்கள் டிஸ்கி என்றொரு பொதுமுறையை உருவாக்கினார்கள். 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டாப், டாம் என்ற வேறு முறைகளை ஏற்றது. யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் இருந்தும், விண்டோஸில் அது தெரிய 2000 பதிப்பும் லதா எழுத்துருவும் வரவேண்டியிருந்தது. அரசு யூனிகோடை ஏற்றது 2010ல்.

அப்பாவின் கோப்புகள் டிஸ்கியில் இருந்தன. வேறொரு டிஸ்கி எழுத்துருவை இறக்கினால் போதும், படித்துவிடலாம் என்றேன்.

"அதுவும் போச்சுன்னா?" என்றார்.

ஆகவே யூனிகோடுக்கு மாற்றுவது என்று முடிவானது. முதலில் சிடிக்காரப் பையனை மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது. எக்ஸ்பியில் தமிழ் யூனிகோடு சரியாகத் தெரிய, ரீஜனல் செட்டிங்ஸில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தை டிக் செய்யவேண்டும். உடனே அது சிடியைக் கேட்கும். லதா வந்தது. அதன் பிறகு சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியில் பத்திபத்தியாக ஒட்டி எடுத்தோம். டிஸ்கியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, க, கால் என மூன்று துண்டு. யூனிகோடில் முதலில் க, பிறகுதான் உயிர்க்குறி. மாற்றி ஒவ்வொரு கொம்பையும் பிடித்து இழுத்து எழுத்துக்குப் பின்னால் வைக்கிறது. திரையில் முதல் வரி தமிழாக வந்தபோது அப்பா சத்தமாகப் படித்தார்.

ஒரு கோப்பு மட்டும் டிஸ்க்கிலேயே சிதைந்திருந்தது. நடுவில் ஏழெட்டு வரி எந்த முறையிலும் தேறவில்லை. ஞாபகத்திலிருந்து எழுதிவிடலாமே என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தம்மா சொன்னது வேற, நான் சொல்றது வேற." கல்வெட்டைப் படியெடுத்து அச்சிடும்போது சிதைந்த எழுத்துகளுக்குப் புள்ளி வைப்பார்கள் இல்லையா, அதுபோல அந்த இடத்தில் வரிசையாகப் புள்ளி வைத்து சேவ் செய்தார்.

அந்தக் கோப்பு இன்றைக்கு என் போனில் அப்படியே திறக்கிறது, புள்ளிகளோடு.